தண்ணீர் கேட்காத செடி

என் மாமா பொய் சொல்ல மாட்டார் என்று அம்மா எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள். உண்மையும் சொல்ல மாட்டார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டாள். கூடப் பிறந்த ஒரே தம்பி, அவ்வளவு பிரியம்.

மாமா தூத்துக்குடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் புளியை அங்கே கொண்டுபோய் இறக்குவார். அங்கிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்கு வருவார். வரும்போதெல்லாம் லாரியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, கம்பைநல்லூருக்குப் பஸ் பிடித்து, மிச்ச தூரத்தை நடந்தே கடந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். வெறுங்கையோடு வந்ததே கிடையாது. ஒரு தடவை சங்கு. ஒரு தடவை காய்ந்த நட்சத்திர மீன். இன்னொரு தடவை திமிங்கிலத்தின் பல் என்று ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பெரியப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாட்டுக் கொம்பின் நுனி என்று சொல்லிவிட்டார். மாமா கொஞ்சமும் அசரவில்லை, கடல்மாடு என்றார்.

அறுபதுகளின் கடைசி. ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு வந்த மாமா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. உள்ளே பழைய துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார். உடைந்த சிப்பி ஒன்றின் முதுகில் ஒரு சாண் உயரத்துக்கு ஏழெட்டுத் தண்டுகள் நின்றன. ஒவ்வொரு தண்டிலும் இரண்டு பக்கமும் மெல்லிய கிளைகள், பறவை இறகு மாதிரி. நிறம் மட்டும் வெயிலில் கிடந்த வைக்கோல் நிறம். வேர் இல்லை, மண் இல்லை. சிப்பியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"கடல் செடி," என்றார் மாமா. "தண்ணியே ஊத்த வேண்டாம். காத்தக் குடிச்சிக்கிட்டு அது பாட்டுக்கு இருக்கும்."

இந்த வார்த்தையை வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஊரில் சொல்லலாமா? மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற ஊர். பெரியப்பா ஒவ்வொரு கோடையிலும் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போனார். கீழே போகப் போகப் பாறைதான் வந்தது. தண்ணீர் கேட்காத செடி வந்திருக்கிறது என்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. களத்துமேட்டிலிருந்து ஆட்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இது கடலைக்காய் மாதிரி ஏதாவது காய்க்குமா என்று ஒருவர் கேட்டார். மாடு தின்னுமா என்று இன்னொருவர். மாமா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மட்டும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அப்பா அண்ணன் பேச்சைத் தாண்டாதவர். பெரியம்மாவுக்கு முட்டிவலி, உட்கார்ந்த இடத்திலிருந்து வேலை சொல்லுவாள். அந்த வேலையெல்லாம் செய்கிறவள் அம்மா. அம்மா பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் அவளை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவே சொன்னார்கள்.

நான் மாமாவிடம் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"உங்க பெரியப்பா கெணறு மாதிரிதான் பாப்பா. ஆனா ஒரு பக்கந்தான் கரை இருக்கும்."

அதைக் கேட்டதும் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கரை உள்ள கிணறு! கூட்டிக்கொண்டு போ, கூட்டிக்கொண்டு போ என்று மாமாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கினேன். அம்மா அடுப்பங்கரையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு பானையில் உரசும் சத்தம் நின்றுபோயிருந்தது. களி அடிப்பிடிக்கிற வாடை கூடத்துக்கு வந்தது. பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அக்கா கையில துடுப்பு இருக்குது, படகுதான் இல்ல," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். துடுப்பு மறுபடி ஓடத் தொடங்கியது.

மாமா அப்போதுதான் ஒரு பந்தயம் போட்டார். கிறிஸ்துமசுக்கு அவர் திரும்பி வரும்போது செடி உயிரோடு இருந்தால், என்னையும் அம்மாவையும் லாரியிலேயே ஏற்றிக்கொண்டுபோய்க் கடலைக் காட்டுவார். அதற்குப் பெரியப்பா சம்மதிக்க வேண்டும். பெரியப்பா செடியைக் குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி வந்தது. செத்த மாட்டை விலை பேச வந்தவனைப் பார்க்கிற முகம் அது.

"ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. அப்பிடி இது உசுரோட இருந்துச்சுன்னா, தாயும் மகளும் போயிட்டு வாங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். செடி காய்ந்து சருகாகித்தான் டப்பாவுக்குள் ஏறியது என்பது அவருக்குத் தெரியும். வலையில் சிக்கி வந்ததைக் கரையில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள், அதிலிருந்து எடுத்துவந்தது. இனிமேல் அது வாட எதுவும் பாக்கியில்லை, அதனால் பந்தயம் ஜெயிக்கும் என்பது அவர் கணக்கு.

செடியை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாடத்தில் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அதனிடம்தான் ஓடுவேன். காற்றுக் குடிக்கிற செடி அல்லவா, விசிறியை எடுத்து விசிறிவிடுவேன். என் கூடப் படித்த பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் காட்டினேன். தொட்டுப் பார்க்க ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் வாங்கினேன்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்தாள். அவர்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு வேலிதான், முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அத்தை வீட்டு நிலைப்படியில் ஆகாச கருடன் கிழங்கு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே துளிர் விடுகிற கிழங்கு. கண்ணேறு வீட்டுக்குள் வராமல் அது தடுக்கும். அதனால் எங்கள் செடியைப் பார்த்து ஊரிலேயே ஆச்சரியப்படாதவள் அத்தை ஒருத்திதான்.

"இது அதனோட சாதிதான் சாமி. கடல் கருடன். எனக்கு ஒரு கொப்பு குடுக்கறயா?"

பெருமை தாங்காமல் ஒரு தண்டை ஒடித்துக் கொடுத்துவிட்டேன். அத்தை அதைக் கிழங்கோடு சேர்த்துக் கட்டினாள். வாரக்கணக்கில் அது வாடவேயில்லை என்றதும் அவளுக்குப் பக்தி வந்துவிட்டது. புரட்டாசி பிறந்தது. அவர்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மீன் சட்டியைக்கூடப் பரணில் ஏற்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் அத்தை அந்தக் கொப்பைக் கழற்றிக் குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தாள். சனிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றக்கூடாது என்றுதானே பெரியப்பா சொன்னார், மழைக்காற்று படக்கூடாது என்று சொல்லவில்லையே. ஈரக்காற்று பட்டதும், விறைப்பாக நின்ற செடி நெகிழ்ந்துகொடுத்தது. விரலால் தொட்டால் வளைந்து நிமிர்ந்தது. மூச்சு விடுகிறது, மூச்சு விடுகிறது என்று நான் வீடு முழுக்க ஓடினேன். அதோடு வாடையும் பெருகியது.

"செடியா இது? கருவாட்டுக் கூடை," என்று பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் பெரியம்மா சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு ஆள். எங்கள் பூனை. அது நாள் கணக்காக மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பூனைக்கும் செடி பிடித்திருக்கிறது என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால், மாடம் காலி. பூனை குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து மென்றுகொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். சிப்பியும், அதன்மேல் மொட்டையாக மூன்று குச்சியும்தான் மிச்சம்.

நான் அழுத அழுகையில் கட்டுத்தறியில் மாடு மிரண்டது. கடல் போச்சே, கடல் போச்சே என்றுதான் அழுதேனாம், செடி போச்சே என்று அழவில்லையாம். பெரியப்பா வந்து பார்த்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "வுடு பாப்பா, அது அப்பவே செத்ததுதான்," என்று தலையைத் தடவினார். அதைக் கேட்டதும் இன்னும் சத்தமாக அழுதேன்.

அம்மா சிதறிக் கிடந்த துணுக்குகளைப் பொறுக்கினாள். சிப்பியைத் துடைத்து, மூன்று குச்சியோடு அப்படியே மாடத்தில் திரும்ப வைத்தாள். மாடத்துக்குக் கதவு இல்லை, ஒரு முறத்தைச் சாத்தி வைத்தாள்.

"கிறிஸ்துமசுக்கு இன்னும் நாள் இருக்குது கண்ணு," என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் வந்தது. கூடத்தில் குடில் கட்டினோம். வைக்கோல் கூரை, மணல், முளைக்கவைத்த கேழ்வரகின் பச்சை. மண்ணில் செய்த ஆடு, மாடு, ஒட்டகத்துக்குப் பதில் இன்னொரு மாடு. மொட்டைக் குச்சிச் சிப்பியைத் தூக்கிவந்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் மணலில் ஊன்றினேன். குழந்தை இயேசுவிடம் நேரடியாகவே பேசினேன். பிறக்கப் போகிறவர், பிறக்கும்போதே ஒரு நல்ல காரியம் செய்தால் என்ன என்று கேட்டேன்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் மத்தியானம் எனக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. அம்மா கரட்டுக் குன்றுப் பக்கம் விறகுக்குக் கிளம்பினாள். கொல்லையில் விறகு கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. விறகு இருக்கும்போது எதற்கு என்று பெரியம்மா கேட்டாள். பண்டிகைக்கு வேணுமே என்று முணுமுணுத்துவிட்டு அம்மா போய்விட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் நான் வீட்டுக்கு வந்தேன். குடிலைப் பார்த்தேன். போட்ட கூச்சலில் வீடே ஓடிவந்தது. செடி துளிர்த்திருந்தது! மூன்று குச்சியிலிருந்தும் பச்சைப் பசேலென்று, தலைமுடி மாதிரி மெல்லிய இலைகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தன. எங்கள் மாமா கொண்டுவந்தபோதுகூட அது இவ்வளவு அழகாக இல்லை. அத்தை வேலியைத் தாண்டி ஓடிவந்து, எந்தச் சாமிக்கு என்று யோசிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குடிலின் முன்னால் முழங்காலிட்டு ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொன்னேன். அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்து, கையில் முள் கீறிய இடங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்தபோது மாமா வந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குடிலுக்கு முன்னால் உட்காரவைத்தேன். அவர் செடியைப் பார்த்தார். பேச்சையே தொழிலாக வைத்திருந்த மனுஷனுக்குப் பேச்சு வரவில்லை. பெரியப்பாவும் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து குந்தினார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"தண்ணி ஊத்துனியா?"

"இல்லீங்க பெரியப்பா. மாதா மேல சத்தியமா இல்லீங்க."

"முள்ளு இருக்குதே," என்றார் பெரியப்பா. இலைகளுக்கு அடியில் குட்டிக் குட்டி முட்கள் இருந்தன.

மாமாவுக்கு அதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. "மீனு மேஞ்சிரக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்."

"வேரு கூட வுட்டிருக்குது மாமா," என்று நான் காட்டினேன். பச்சைக் கொத்து குச்சியோடு சேருகிற இடத்தில் மெல்லிசாக, சுற்றிச் சுற்றி ஒரு வேர். "இங்க பாருங்க, நீலக் கலர்ல."

மாமா பார்த்தார். பெரியப்பா பார்த்தார். அம்மா அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்கென்று அவளே கையால் தைத்த நீல ரவிக்கை போட்டிருந்தாள். பூண்டை விட்டுத் தலையை நிமிர்த்தவேயில்லை. மாமாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாயில் துண்டை அமுக்கிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். கிணற்றில் வெடி வைக்கும்போது செருமுவாரே, அந்தச் செருமல்.

"உசுரோடதான் இருக்குது. நான் சொன்னா சொன்னதுதான். போயிட்டு வாங்க."

பெரியம்மா முட்டிவலியை ஞாபகப்படுத்தினாள். களி யார் கிண்டுவது என்று கேட்டாள். பெரியப்பா, "நான் கிண்டறேன்," என்றார். அவர் கிண்டிய களியைப் பற்றி அப்பா சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார், அது தனிக்கதை.

அரைப் பரீட்சை லீவு முடிவதற்குள் கிளம்பினோம். பின்னால் புளி மூட்டை, முன்னால் நாங்கள். அம்மா ஜன்னல் ஓரம். வழியெல்லாம் நான் வாந்தி எடுத்தேன். அம்மா ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தூத்துக்குடியில் இறங்கியதும் மாமா எங்களை நேராக மீன்பிடிக் கரைக்குக் கூட்டிப்போனார். ஒருவர் மணலில் வலையைப் பரப்பிப் போட்டு, சிக்கியிருந்த குப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். வலைக் கயிற்றில் ஒரு கொத்து ஒட்டியிருந்தது. அதே இறகு, அதே தண்டு. ஆனால் ஈரமாக, பளபளவென்று. நான்தான் முதலில் பார்த்தேன். நம்ம செடி, நம்ம செடி என்று குதித்தேன்.

மாமா அதைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, அதத் தொடாதிய! அரிச்சிப் புடுங்கிரும்லா!" என்று வலைக்காரர் கத்தினார்.

"செடி எங்கயாவது கடிக்குமாய்யா?" என்று மாமா சிரித்துக்கொண்டே பறித்து என்னிடம் நீட்டினார்.

என் கைக்கு அது வந்து சேரவில்லை. நடுவழியிலேயே "ஆத்தா!" என்று ஒரு அலறல். கொத்து ஒரு பக்கம் போனது, மாமா ஒரு பக்கம் குதித்தார். உள்ளங்கை செக்கச் செவேலென்று தடித்துக்கொண்டு வந்தது. எங்கள் கூஜாவைப் பிடுங்கிக் குடிதண்ணீரைக் கையில் ஊற்றினார். எரிச்சல் இரண்டு பங்காகிவிட்டது. மறுபடி ஒரு குதி.

"நல்ல தண்ணி ஊத்தாதிய! கடல் தண்ணில கழுவுங்க!" வலைக்காரர் ஓடிவந்து அவரைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போனார். "அது செடி இல்ல அண்ணாச்சி. சீவன். உசுருள்ள சீவன்."

அப்போதுதான் அம்மா பேசினாள்.

"தண்ணியே ஊத்தக் கூடாதுன்னு நீதானடா சொன்னே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்து. வலைக்காரரும் சிரித்தார். கையை உதறிக்கொண்டே மாமாவும் சிரித்தார்.

ஊருக்குத் திரும்பி, நான் முதல் வேலையாக வேலியைத் தாண்டிப் போய் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அது செடி இல்லையாம், மீன் நண்டு மாதிரி உயிராம். அத்தையின் முகம் வெளிறிப்போனது.

"புரட்டாசி முழுக்க முட்டையக்கூடக் கண்ணால பாக்காம இருந்தனே! சாமி மாடத்துல கொண்டாந்து கவிச்சிய வச்சிட்டனே! அய்யோ பெருமாளே!"

மாடத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள். கொப்பைக் குப்பைமேட்டில் எறியவும் பயம், கற்பூரம் காட்டிய பொருளாயிற்றே. வாய்க்காலில் விட்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்புறம் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து, மோர்ச் செம்போடு வந்து அம்மாவிடம் சொன்னாள்: "பெருமாளே மொதமொதல்ல மீனாத்தானே வந்தாரு. போனாப் போவுது."

எழுபதுகளில் நான் சேலத்தில் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். என் வகுப்பில் எல்லோரும் டாக்டராக ஆசைப்பட்டு இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நான் ஒருத்திதான் பூனை தின்ற செடி என்ன என்று தெரிந்துகொள்ள வந்தவள். முதல் வருஷம் சோதனைக்கூடத்தில் ஒபீலியா என்ற ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் காட்டினார்கள். கடலில் வளர்வது, நூல் மாதிரித் தண்டு, கிளை. எங்கள் இறகுச் செடிக்குத் தாயாதி முறை. கண்ணை வைத்துப் பார்த்தேன். செடியே இல்லை அது, ஓர் ஊர். ஒவ்வொரு கிளையிலும் வரிசையாகக் குட்டிக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ஓர் உயிர். அதற்கு ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள். விரல்களில் கொடுக்கு மாதிரிப் பொடிப் பொடியாக விஷ நூல் சுருட்டி வைத்திருக்கும். மாமாவின் கையைப் பதம் பார்த்தது அதுதான். நீந்தி வருகிற ஒரே ஒரு குஞ்சு, சிப்பியோ கயிறோ கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு மொட்டு விட்டு, அந்த மொட்டு இன்னொரு மொட்டு விட்டு, ஊராகப் பெருகிவிடுமாம். தண்டு முழுக்க உள்ளே ஒரே குழாய். ஒன்று பிடித்துத் தின்றால் அது எல்லோருக்கும் போய்ச் சேரும். ஆயிரம் வாய், ஒரே வயிறு. ஒரே அடுப்பில் சாப்பிட்ட குடும்பத்திலிருந்து வந்தவளுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஆசிரியை இன்னொன்றையும் காட்டினார். கிளை பிரிகிற இடங்களில் நீளமாக, மூடிய குடுவை மாதிரிச் சில. விரல் இல்லை. குஞ்சுகளைச் சுமப்பது இவைதான் என்றார்.

"இவற்றுக்கு வாய் கிடையாது," என்றார். "மற்றவை ஊட்டித்தான் வாழ வேண்டும்."

வாயில்லாப் பூச்சி என்று நான் என்னை அறியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்குத் திடீரென்று நீல வேர் ஞாபகம் வந்தது. கரட்டில் புதர்மேல் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியும் ஞாபகம் வந்தது. தலைமுடி மாதிரி மெல்லிய இலை, குட்டிக் குட்டி முள். எங்கள் ஊரில் அதற்குத் தண்ணீர்விட்டான் என்று பேர். சின்னப் பிள்ளையில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குடிலில் பார்த்தபோது மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமில்லாத கண்ணுக்கு எது தெரியும்?

அந்தக் கரைக்கு ஒரு தடவை திரும்பிப் போய்விட்டு முடித்துவிடுகிறேன். மாமா கையை உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் கடல் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மறுகரை தெரியாவிட்டால் அதில் பார்க்க என்ன இருக்கிறது? திரும்பிப் பார்த்தேன், அம்மாவைக் காணோம். அவள் தண்ணீருக்குள் நின்றிருந்தாள். முழங்கால் நனைய, இருந்த ஒரே நல்ல சேலையைத் தூக்கிப் பிடிக்கக்கூட மறந்து நின்றிருந்தாள். கையில் தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் அள்ளி வாயில் வைத்தாள். ஒரு பெரிய அலை வந்து மோதியதும் "ஏய்ய்!" என்று கத்தினாள். அம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கத்தலில் பயம் துளிகூட இல்லை.

நான் ஓடிப்போய் அவள் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, செடி உசுரோட இருந்ததாலதான நாம வந்தோம்?"

"ஆமா கண்ணு," என்றாள் அம்மா, கடலைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ நல்லாப் பாத்துக்கிட்டயில்ல?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாவம், அம்மாவுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைகூட இல்லை. நான் ஆசைப்பட்டதால் அவளுக்கும் ஒரு கடல் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். ஊர் வந்து சேரும்வரை லாரியில் நெஞ்சை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தேன், அம்மாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான் என்று.